வேதசாட்சி தேவசகாயரின் தைரியம் எத்தன்மையது?

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டில் ஆகும். அன்று தொட்டு இன்றுவரை உத்தியோகத்தின் பொருட்டும், வியாபாரத்தின் பொருட்டும், கல்வியின் பொருட்டும் அவ்வழியே சென்று மீளுகின்ற நம்மனோர்க்குப் பரங்கிமலை பழகிய காட்சி. கிறிஸ்துநாதருடைய பன்னிரு சீடருள் ஒருவராகிய தோமையார் சின்னமலைக் குகையிற் சிலகாலம் ஒளிந்திருந்து, பின்னர்ப் பரங்கிமலையில் ஈட்டியாற் குத்துண்டு மாண்டார் என்பது வழிவழியாக வழங்கிவரும் ஐதிகம். அம்மலையில் பகலவி எழுத்துப் பொறித்த பழைய கற்சிலுவை ஒன்று 1547-ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்டு, இன்றும் ஆங்குள்ள கோயிலில் வைக்கப்பட்டிருக்கிறது. அம்மலையைக் காணுந்தோறும், கொண்ட விசுவாசத்துக்காக உயிரையும் கொடுக்கும் தைரியம் ஒரு மனிதனுக்கு எங்ஙனம் உண்டாகிறது என்னும் வினா நம் உள்ளத்தில் எழுதல் இயல்பே.

தோமையார் வரலாறு மிகப் பழமையானது. அதனுட் பெரும்பகுதி ஐதிகமாகவே நமக்குக் கிடைத்துள்ளது. ஆகவே அவ்வினாவுக்கு விடை தேடுவோர், ஆண்டும் திங்களும் இடமும் தெரிந்த ஒரு சரித்திரத்தை எடுத்துக்கொள்ளுதல் நலம். அத்தகைய சரித்திரம் நமக்கு அயலதன்று. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, சேலையூர் முதலிய இடங்களிற் குடியேறியுள்ள நம் சங்கத்துக் குடும்பங்களிற் பலவற்றிற்குப் பூர்விகம் நாஞ்சில் நாடும் நெல்லைச் சீமையுமே. அத்தென்கோடி மண்ணிற் பிறந்து, அம்மண்ணிலேயே குருதி சிந்திய நீலகண்ட பிள்ளை என்னும் தேவசகாயருடைய சரித்திரத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம். நம் சங்கத்தாருட் சைவரும் உளர், கிறிஸ்தவரும் உளர். இருசாராரும் ஒக்கப் படித்துப் பயன்கொள்ளத் தக்கது இச்சரித்திரம் என்பது எம் துணிபு.

நீலகண்டர் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ஆம் நாள் நட்டாலம் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. இந்நாளிற் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. தந்தையார் வாசுதேவன் நம்பூதிரி. தாயார் தேவகி அம்மை. தாய்வழி முறைப்படி நாயர் குலத்தவராக வளர்ந்த அவர், வடமொழியும் படைப் பயிற்சியும் கற்று, பத்மநாபபுரத்தில் மார்த்தாண்ட வர்ம மகாராஜாவின் அரண்மனைச் சேவையில் அமர்ந்தார். பார்கவி அம்மாள் என்னும் மங்கையை மணந்தார். பிள்ளை என்பது அரசாங்க சேவையிலிருந்த நாயர் குலத்தாரும் தரித்துக்கொண்ட பட்டம். நம்முட் பலருடைய பெயரின் ஈற்றிலும் அப்பட்டம் நிற்பதனால் அவரை நம் குலத்தவரென்று எண்ணுவோர் உளர். பட்டம் ஒன்றாயினும் குலம் வேறு என்பதை முதற்கண் சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

மார்த்தாண்ட வர்மர் 1729 முதல் 1758 வரை ஆண்டவர். சிற்றரசுகளை அடக்கித் திருவிதாங்கூரை வலிய அரசாக்கியவர். 1741-ஆம் ஆண்டிற் குளச்சலில் நடந்த போரில் ஒல்லாந்துக் கம்பெனியின் படையை அவர் முறியடித்தார். அப்போரிற் சிறைப்பட்ட ஐரோப்பியருள் ஒருவர் எவுஸ்தாக்கியுஸ் தெ லானோய் என்பவர். அவருடைய திறமையை அறிந்த அரசர், தம் படைக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்புவித்தார். அவர் கத்தோலிக்கர். பகைவர் நாட்டிலே வேற்று மதத்தினராய் இருந்தும் அவர் படைத்தலைவராக உயர்ந்து, 1777-ஆம் ஆண்டில் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். இச்செய்தியை வாசிப்போர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர்ப் பயன்படும்.

அரண்மனைச் சேவையில் நீலகண்டரும் தெ லானோயும் பழகி நண்பராயினர். அக்காலத்தில் நீலகண்டருக்குப் பல நஷ்டங்கள் நேர்ந்தன. கால்நடைகள் மாண்டன, பயிர்கள் பொய்த்தன, குடும்பம் கலங்கியது. ஏன் இவ்வாறு வந்ததென்று மனம் வெதும்பியிருந்த நண்பருக்குத் தெ லானோய் வேதாகமத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார். யோபு செல்வத்தையும் மக்களையும் உடல்நலத்தையும் இழந்தவர். இழந்தும் இறைவனைக் கைவிடாதவர். ‘பக்தி செய்தாற் பலன் வரும்’ என்பதை மட்டும் அறிந்திருந்த நெஞ்சுக்கு, பலன் யாதொன்றும் வாராதபோதும் பக்தி நிற்கும் என்னும் செய்தி புதிதாயிருந்தது. நம் நாட்டு அரிச்சந்திரன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அதன் சுவை விளங்காமற் போகாது.

பின்னர்த் தெ லானோயின் வழிகாட்டுதலினால் நீலகண்டர் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பாலுள்ள வடக்கன்குளம் சென்றார். இயேசு சபையைச் சேர்ந்த புத்தாரி சுவாமியார் 1745-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். இலாசர் என்னும் வேதாகமப் பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயரிட்டனர். தேவன் செய்த சகாயம் என்பது அதன் பொருள். அவருடைய மனைவியாரும் ஞானஸ்நானம் பெற்று, தெரேசாள் என்பதன் தமிழாக ஞானப்பூ அம்மாள் என்னும் பெயர் ஏற்றார்.

ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் சென்றன. 1749-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ஆம் நாள் தேவசகாயர் கைது செய்யப்பட்டார். அவர் மீது கூறப்பட்ட குற்றம் யாது என்பதில் சரித்திர ஆசிரியர்கள் ஒருமனப்பட்டாரல்லர். அஃது அரச துரோகக் குற்றமே, மத விஷயமன்று என்று எழுதினோர் உளர். கத்தோலிக்கத் திருச்சபையோ அவர் விசுவாசத்தின் பொருட்டே கொல்லப்பட்டார் என்று ஆராய்ந்து முடிவு செய்துள்ளது. கொச்சி மேற்றிராணியார் 1756-ஆம் ஆண்டில், அஃதாவது நிகழ்ச்சி நடந்து ஐந்து ஆண்டுகளுக்குள், உரோமாபுரிக்கு அனுப்பிய அறிக்கையில் இம்மரணத்தைக் குறிப்பிட்டிருக்கிறார் என்பது அம்முடிவுக்குப் பெரிய ஆதரவாகும்.

இவ்விடத்தில், மேலே மனத்தில் இருத்துமாறு வேண்டிய செய்தியை நினைவுகூர்தல் வேண்டும். கிறிஸ்தவராயிருத்தல் ஒன்றே குற்றமாயின், தெ லானோய் படைத்தலைவராய் வாழ்ந்திருத்தல் கூடுமோ? கடற்கரையிலே முக்குவர் முதலியோர் இருநூறு ஆண்டுகளாகக் கிறிஸ்தவர்களாகவே இருந்தனரே. அவர்களை யார் தடுத்தார்? அந்நியன் ஒருவன் தன் மதத்திலே நிற்பதைப் பொறுத்தார்கள். கடற்கரையான் மதம் மாறுவதையும் பொருட்படுத்தினாரல்லர். பொறுக்கலாகாததாய்த் தோன்றியது வேறொன்று. அரண்மனைச் சேவகத்திலிருந்த உயர்குலத்தான் ஒருவன், தன் குலவரம்பைக் கடந்து, தாழ்ந்தோர் என்று ஒதுக்கப்பட்டவரோடு உடனிருந்து உண்டு, அவரும் தானும் ஒரே தந்தையின் மக்கள் என்று சொல்லித் திரிந்தமையே அது. சாதி வேற்றுமை பாராது அனைவரும் சமம் என்று வற்புறுத்தியமையே மேற்குலத்தாரின் பகையை மூட்டிற்று என்று திருச்சபையின் குறிப்பும் கூறுகிறது. ஆதலின், அரசரைப் பழித்தலோ ஒரு மதத்தாரைக் குறைகூறுதலோ நம் கருத்தன்று. அக்காலத்திலே வரம்பு என்பது அனைவர் கண்ணுக்கும் தர்மமாகவே தோன்றியது. அவ்வரம்பினுள்ளே பிறந்து, அதனால் நன்மையடைந்து வந்த ஒருவரே அதனைக் கடந்தார் என்பதுதான் ஈண்டுச் சிந்திக்கத் தக்கது.

கைதான நாள்முதல் அவர் பட்ட பாடுகளைச் சரித்திரங்கள் விரித்துரைக்கின்றன. மரணத்துக்குரிய குற்றவாளிக்குச் சூட்டும் எருக்கம்பூ மாலையைச் சூட்டி, எருமையின் மேல் ஏற்றி, ஊர்தோறும் கொண்டு சென்றனர். நாள்தோறும் அடித்தனர். அடிபட்ட புண்ணில் மிளகாய்ப்பொடி தடவி வெயிலில் நிறுத்தினர். புலியூர்க்குறிச்சியிலே தாகத்தால் வருந்தியவர் பாறையை முழங்கையால் இடிக்க நீர் சுரந்தது என்பர். முட்டிடிச்சான் பாறை என்று அவ்விடத்தை மக்கள் இன்றும் வழிபடுகின்றனர். பெருவிளையிலே வேப்பமரத்திற் கட்டிவைத்தனர். இறுதியில் பாண்டி நாட்டெல்லையிலுள்ள ஆரல்வாய்மொழிக்குக் கொண்டு சென்றனர். ஆங்கே காற்றாடிமலையில் 1752-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14-ஆம் நாள் சுட்டுக் கொன்றனர். உடலைக் காட்டில் எறிந்தனர். எஞ்சிய எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் எடுத்துச் சென்று கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தனர். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது. ஞானப்பூ அம்மாளோ பிறந்த நாட்டை விட்டு வடக்கன்குளத்திற் புகுந்து, பதினான்கு ஆண்டுகள் கைம்மைக் கோலத்தில் வாழ்ந்து, 1766-ஆம் ஆண்டிற் காலமானார். கணவனுடைய தைரியத்தைப் பாடுவோர் பலர்; மனைவியின் பதினான்கு ஆண்டுகளை நினைப்போர் சிலரே.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இத்தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது?

முதலாவது, அஃது ஒரு நாளில் வந்ததன்று. கைதுக்கும் மரணத்துக்கும் இடையே கழிந்த காலம் மூன்றாண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. போர்க்களத்தில் ஒரு நாழிகைப் பொழுது உயிரைத் துரும்பாக எண்ணும் வீரர் பலர். ஆயிரம் நாட்களுக்கு மேல், ஒவ்வொரு காலையும் ‘இன்று மறுத்துவிட்டால் வீடு திரும்பலாம்’ என்று அறிந்தும் மறுக்காதிருத்தல் வேறு வகை வீரம். 1750-ஆம் ஆண்டில் மகாராஜா தம் நாட்டை ஸ்ரீ பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணம் செய்து, தாசராய் நின்று ஆளத் தொடங்கிய அந்நாளிலும், தேவசகாயர் விலங்கோடுதான் இருந்தார். அவரவர் தத்தம் தெய்வத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த காலம் அது.

இரண்டாவது, தைரியம் என்பது வருத்தம் தெரியாமை அன்று. புலியூர்க்குறிச்சிப் பாறையைப் பற்றிய ஐதிகத்தை நாம் அற்புதமாக மட்டும் நோக்குகிறோம். அவருக்குத் தாகம் எடுத்தது என்பதன்றோ அதன் முதற் செய்தி? தாகமும் வலியும் தனிமையும் அவருக்கு நம்மைப் போலவே இருந்தன. அவற்றினூடே நின்றார் என்பதே அவருடைய பெருமை. கல்லாய்ப் போனவனுக்குப் பொறுமை எதற்கு?

மூன்றாவதும் முதன்மையானதும் யாதெனில், உயிரை இழப்பதற்கு முன்னரே அவர் மற்றொன்றை இழந்திருந்தார். அது குலப்பெருமை. மனிதன் உயிருக்கு அடுத்தபடியாக, சிற்சில வேளைகளில் உயிரினும் மேலாக, காத்துக்கொள்வது அதனையே. ‘ஊரார் என் சொல்வார்? உறவினர் என் நினைப்பார்? என் பெண்ணை யார் கொள்வார்?’ என்னும் அச்சத்துக்கு அஞ்சாதவர் மிகச் சிலர். தேவசகாயர் அவ்வச்சத்தை நான்கு ஆண்டுகள் பந்தியிலே வென்றார். ஒதுக்கப்பட்டவருடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒருவாய் உண்ணும்போதெல்லாம் அவர் சிறிது சிறிதாக இறந்துவந்தார். ஆதலின் விலங்கு வந்தபோது, காத்துக்கொள்ள வேண்டுவது அவரிடம் அதிகமாக எஞ்சியிருக்கவில்லை. காற்றாடிமலையிற் கண்ட தைரியம், திண்ணைகளிற் பயின்ற தைரியமே ஆகும். அதனையும் தம்முடையதென்று அவர் எண்ணவில்லை என்பதற்கு அவர் தாங்கிய பெயரே சாட்சி.

இதனை நாம் எழுதுவது நமக்கு எளிதன்று. ஏனெனில் வடக்கன்குளத்தின் பின்வரலாறு நம்மையும் தொடுகிறது. தேவசகாயர் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில் 1872-ஆம் ஆண்டிற் புதிய கோயில் ஒன்று எழுப்பினர். அஃது ஒரே பீடத்தை நோக்கிய இரண்டு தனித்தனி மண்டபங்களாகக் கட்டப்பெற்றது. ஒரு மண்டபத்தில் வேளாளர் முதலியோரும், மற்றொன்றில் நாடாரும் இருந்து, ஒருவரையொருவர் காணாமலே பலிபூசை காண வேண்டும் என்பது ஏற்பாடு. இடையே சுவர். 1910-ஆம் ஆண்டிற் சுவாமிமார் அச்சுவரை இடித்தனர். இடித்தது தவறு, எமக்குரிய தனியிடம் எமக்கே வேண்டும் என்று நீதிமன்றம் ஏறினோர் யாவர்? பிள்ளை, முதலி என்னும் பட்டமுடைய கிறிஸ்தவர்களே, நம்மவரே. வழக்குச் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கோயிலிற் சாதியின் பெயரால் தனியுரிமை கோர இடமில்லை என்று தீர்ப்பாயிற்று. சாதியைக் கடந்தமையால் ஒருவர் விலங்கு பூண்டார். அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே சாதியைக் காக்க நாம் வக்கீல் வைத்தோம். இதனை மறைத்து அவருடைய புகழை மாத்திரம் எழுதினால் அஃது எழுத்தாகாது.

அண்மையில் நடந்ததொன்றும் உளது. தேவசகாயர் 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் உரோமாபுரியில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். குருவோ துறவியோ அல்லாத இல்லறத்தார் ஒருவர் இந்தியாவிலிருந்து புனிதராக உயர்த்தப்பெற்றது அதுவே முதன்முறை. அதற்கு முன்னர், 2020-ஆம் ஆண்டில், அவர் பெயரிலிருந்து பிள்ளை என்னும் பட்டத்தைத் திருச்சபை நீக்கிவிட்டது. சாதியை மறுத்து மாண்டவர் பெயரிற் சாதிப்பட்டம் தகாது என்று பலர் முறையிட்டதன் பயன் அது. நம்முட் சிலர்க்கு அது மனத்தாங்கலாயிற்று என்பதை அறிவோம். ‘நம் பட்டத்தைத் தாங்கிய ஒரே புனிதர், அதையும் எடுத்துவிட்டனரே’ என்று முதியோர் வருந்தினர். அவ்வருத்தம் பொய்யன்று. ஆயினும் ஒன்று கேட்போம். அப்பட்டத்தை அவரிடமிருந்து உரோமாபுரி எடுத்ததா? அன்று, 1745-ஆம் ஆண்டிலேயே அவர் அதனைத் தம் கையாற் கழற்றி வைத்துவிட்டார். நாம்தான் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக அதனை எடுத்து எடுத்து அவர் தோளில் இட்டுவந்தோம்.

அவரோடு ஒரே நாளிற் புனிதராக உயர்த்தப்பட்ட பதின்மருள் தித்துஸ் பிராண்ட்ஸ்மா என்னும் ஒல்லாந்துத் துறவியும் ஒருவர். நாஜிகளின் விளம்பரங்களைக் கத்தோலிக்கப் பத்திரிகைகள் வெளியிடலாகாது என்று ஊர்தோறும் சென்று எடுத்துரைத்தமையால் அவர் சிறைப்பட்டு, 1942-ஆம் ஆண்டில் தாக்கௌ சிறைமுகாமிற் கொல்லப்பட்டார். நாடும் காலமும் வேறாயினும், ‘இவன் நம்மவன், அவன் தாழ்ந்தவன்’ என்னும் கொள்கைக்கு இணங்காமையே அவரும் செய்த குற்றம்.

இவ்வுண்மைக்கு நாம் வாழும் தாம்பரமும் ஒருமுறை சாட்சியாய் நின்றது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் தாம்பரத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் மாதத்தில் அக்கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மகாநாடு கூடியது. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 470 பேருக்கு மேல் வந்தனர். அதனைச் சீன தேசத்து ஹாங்சௌ நகரில் நடத்துவதாகவே முதலில் ஏற்பாடு. ஜப்பானியர் சீனத்தின் மேல் படையெடுத்தமையால் அது தாம்பரத்துக்கு மாற்றப்பட்டது. போர் மூண்டெரிந்துகொண்டிருந்த அந்நாளில் சீனரும் ஜப்பானியரும் அவ்வளாகத்திலே ஒன்றாயிருந்து ஜெபம் செய்தனர். தம் ஊர் எரிய, எரித்தவர் நாட்டவனோடு அருகிருந்து வழிபடுவதற்கு எத்துணைத் தைரியம் வேண்டும்! அதுவும் ஆரல்வாய்மொழித் தைரியத்தின் இனமே.

அன்பர்காள்! நம் சங்கம் தோன்றியது, ஊரைவிட்டு வந்த ஏழை மாணாக்கர்க்கு உதவவும், கைம்பெண்டிர்க்குத் துணையாகவும், திக்கற்றார்க்கு ஈமக்கடன் செய்யவுமே. அப்பணிகளைப் பற்றி நாணுதற்கு ஒன்றுமில்லை. ஆயின் சங்கம் என்பது குளிருக்குக் கூடும் கூரையாக இருக்கலாம். பிறரைக் காணாதபடி எழுப்பிய வடக்கன்குளத்துச் சுவராக இருத்தலாகாது. தேவசகாயருடைய திருநாள் ஜனவரி 14. பொங்கலை ஒட்டி வருவது. வரும் பொங்கற் பந்திக்கு, ஒவ்வொரு குடும்பமும் வேறு சமூகத்து அயலார் ஒரு குடும்பத்தையேனும் அழைத்து, ஒரே வரிசையில் இலையிட்டு உண்ணுமாறு வேண்டிக்கொள்கிறோம். நம் கல்வி உபகார நிதியிலிருந்து, ஆண்டுதோறும் பிற சமூகத்து ஏழைப் பிள்ளைகள் இருவர்க்கேனும் உதவ வேண்டும் என்பதைப் பொதுக்கூட்டத்திற் பிரேரேபிக்கவும் கருதியுள்ளோம். எதிர்ப்பு வரும் என்பதை அறிவோம். வந்தால், காற்றாடிமலை ஏறும்படி நம்மை எவரும் கேட்கவில்லை என்பதை நினைத்துக்கொள்வோம். ஒரு திண்ணை ஏறும்படியே கேட்கப்படுகிறோம்.

அதற்கு வேண்டிய தைரியத்தை எல்லாம்வல்ல இறைவன் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக.